செவ்வாய்க்கிழமை அல்போன்சா

சேசு மரி சூசை துணை

தூத்துக்குடி, ஜூலை 1974

அன்பு மகள் அல்போன்சாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் முட்டையிடாத நம் கோழியும் மாதா புண்ணியத்தில் சுகம். பம்பாயில் நீயும், கப்பலை விட்டு இறங்கியிருந்தால் மருமகனும் சுகமாக இருக்க வேண்டும். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, பீடி குறையவில்லை.

ஏளா, நான் ஒரு காரியம் செய்துவிட்டேன், உட்கார்ந்து படி. நான் ஆப்பம் கொடுக்கப் போகிற துறைமுகத்து லாட்ஜில் பேபி என்று ஒரு பிள்ளை, இருபது வயது. எறால் கம்பெனியில் வேலை என்று கூட்டிவந்த லாட்ஜ்காரன் அவளை என்ன வேலைக்கு வைத்திருக்கிறான் என்று நான் எழுத வேண்டியதில்லை. செவ்வாய்க்கிழமை அந்தோணியார் கோயிலுக்கு மட்டும் வெளியே விடுவான், அவனுக்கும் அந்தோணியாரிடம் பயம் உண்டு. அவளுக்கு அடிவயிற்றில் வலி, காய்ச்சல், நிமிர்ந்து நடக்க முடியவில்லை. தனியே ஆஸ்பத்திரிக்குப் போனவளிடம் அங்குள்ள ஆயா புருஷன் பேரைக் கேட்டு, இவள் முழித்ததும், போலீசைக் கூப்பிடவா என்று விரட்டிவிட்டாளாம். அதனால் போன வாரம் கோயிலுக்கு என்று நானே கூட்டிப்போய், இது என் மகள் அல்போன்சா, புருஷன் விக்டர், கப்பல்காரர் என்று சொல்லிவிட்டேன். அவசரத்தில் வாயில் வேறு பேர் வரவில்லை. உன் பேரைக் கூப்பிட்டால் அவள் பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருக்கிறாள், கிள்ளித்தான் எழுப்பினேன். செவ்வாய்தோறும் ஊசி போட வேண்டும், இடையில் விட்டால் பிள்ளை பெற முடியாது, உயிருக்கும் ஆபத்து என்றார் டாக்டரம்மா. அத்தோடு விட்டாரா, இது புருஷன் கொடுத்த சீக்கு, அவரையும் கூட்டிவா என்கிறார்.

அங்கே மருந்து கொடுக்கிற கம்பவுண்டர் ரோச் உன் மாமியார் மெட்டில்டாவுக்குச் சொந்தம் என்பதை மறந்து தொலைத்தேன். மறுநாளே மெட்டில்டா வந்து, என்ன மைனி, மருமவ ஊருக்கு வந்தத எங்கிட்ட மறைச்சிட்டு, எம்மவன் சீக்கு கொண்டுவந்தான்னு ஆஸ்பத்திரியில சொல்லுதியளோ என்று தெருவையே கூட்டிவிட்டாள். உள்ளதைச் சொன்னால் அவள் வாய் லாட்ஜ் வரைக்கும் கேட்கும், அன்றைக்கே அவன் பேபியை வேறு ஊருக்கு ஏற்றிவிடுவான். நீ பம்பாய்க்குத் திரும்பிவிட்டாய் என்றும் சொல்ல முடியாது, அடுத்த செவ்வாய் உன் பேரைக் கூப்பிடுவார்களே. அவ வெக்கத்துல யார் மூஞ்சியிலயும் முழிக்க மாட்டேங்கா என்று சொல்லி அனுப்பினேன். எதற்கும் சிரிக்கிற எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

மருமகனிடம் நீயே பக்குவமாகச் சொல். தங்கமான மனுஷனுக்குச் சீக்குப் பட்டம் கட்டிவிட்டேன், ஊசி முடிந்ததும் மெட்டில்டா காலில் நானே விழுகிறேன், அதுவரைக்கும் அவர் தன் அம்மாவுக்கு ஒன்றும் எழுத வேண்டாம். மாதா திருவிழாவுக்கு வா, வா என்று வருஷம் முழுக்க நச்சரித்தவள் நான்தான். இந்த வருஷம் வந்துவிடாதே. உன்னைப் பார்க்காமல் கண் பூத்துத்தான் கிடக்கிறது, இருந்தாலும் வராதே.

நேற்றும் போனோம். அல்போன்சா என்றதும் அவளே எழுந்து போனாள். ஊசி போட்டு, திரும்ப அந்த லாட்ஜ் வாசலில்தான் கொண்டுபோய் விட்டேன். வேறு எங்கே விட, சொல். வாரேம்மா என்று சொல்லிவிட்டுப் படியேறினாள்.

மாதா உங்கள் இரண்டு பேரையும் கண்ணில் வைத்துக் காக்கட்டும். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளி. வராதே.

உன் பேரை இரவல் கொடுத்த அம்மா,
விக்டோரியா