உடையாத பாலம்

வில்லரே, மொன்றியல்
28 செப்டெம்பர்

அன்புத் தம்பி றூபனுக்கு,

அக்கா ஜெகதீஸ்வரி எழுதுவது. சுகம் விசாரித்துத் தொடங்குவதுதான் முறை. இந்த முறை அதற்கு மனம் வரவில்லை. போனில் கதைத்தால் இடையில் வேறு கதைக்குத் தாவிவிடுவாய் என்பதால் கடிதம். உன் ஊர்ப்பெயரைப் போட்டால் வந்து சேராது, ஆறு மைல் தள்ளியிருக்கிற ஊரின் பெயரைத்தான் போடவேண்டும் என்றாய். அப்படியே போட்டிருக்கிறேன்.

நீ இருக்கிற அந்த அமெரிக்க ரவுன்ஷிப்பைப் பற்றி எங்களுக்குத் தெரியாதது என்ன? மேட்டில் மாட்டுப் பண்ணைகள். பள்ளத்தில், வேதத்துக்காகக் காரும் கரண்டும் தொடாமல் குதிரை வண்டியில் திரியும் ஆமிஷ் சனம். சந்தியில், பிரெஞ்சுப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு சொல் பிரெஞ்சு தெரியாத குடும்பங்கள். என் மகள் பிரஷாந்தினி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சுற்றிவர இருக்கிற நிலமெல்லாம் ரவுன்ஷிப் சபைக்கு; நடுவில் ஒரு சின்ன ஊர், அதற்கு மட்டும் தனி நிர்வாகம். அம்மா படுக்கையில் விழுந்த மாதம், உன் வீட்டுக்குப் போகிற பாலத்தை வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்றாய். அது ரவுன்ஷிப்பின் பாலம் என்று ஊர்க்காரரும், ஊரின் பாலம் என்று ரவுன்ஷிப்காரரும் இழுபறிப்படுகிறார்கள், அதைத் திருப்பிக் கட்டும்வரை காரை வெளியே எடுக்க ஏலாது என்றாய். நாங்களும் நம்பினோம்.

டயலிசிஸ் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மா முதலில் கேட்பது, "பாலம் கட்டியாச்சோ?" என்றுதான். கிழமைக்கு மூன்று தரம் கேட்பா. கடைசியாய் அவ வாய் திறந்ததும் அதற்குத்தான். கடைசிப் பிள்ளை நீ வைக்கவேண்டிய கொள்ளியை என் மகன் லக்ஷன் வைத்தான். சாம்பலில் பாதியை இங்கே ஆற்றில் கரைத்தோம். மற்றப் பாதி உன் கையால் கரையட்டும் என்று வைத்திருந்தேன்.

போன சனிக்கிழமை பிரஷாந்தினி கார் ஓட, அந்தச் சாம்பலை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி உன்னிடம் வந்தேன். உடைந்த இடத்துக்கு இந்தப் பக்கம் நின்று கூப்பிட்டால் நடந்தாவது வருவாய் என்று நினைத்தேன். உடைந்த பாலத்தைத் தேடி அந்த ரோட்டில் இரண்டு தரம் போய்வந்தோம். பூசணிக்காய் விற்றுக்கொண்டிருந்த ஆமிஷ் பெண்ணிடம் கேட்டபோது, இங்கே இருப்பது இந்த ஒரு பாலம்தான், தான் கலியாணம் முடித்து வந்த நாளிலிருந்து இப்படியே இருக்கிறது என்றாள். அவள் சொல்லி முடிக்கவில்லை, பால் லொறி ஒன்று அதைக் கடந்து போனது.

பாலத்தின் நடுவில் நின்றுதான் உனக்குப் போன் எடுத்தேன். உன் வீட்டுக் கூரை தெரிந்தது.

"இன்னும் கட்டேல்லை அக்கா. கதைச்சுக்கொண்டுதான் இருக்கினம்" என்றாய்.

நான் ஓம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

திரும்பி வரும்போது பிரஷாந்தினிதான் சொன்னாள், மாமாவுக்கு அங்கே இருக்க விசாப் பேப்பர் இல்லைப்போல, எல்லை தாண்டினால் பெண்சாதி பிள்ளையிடம் திரும்பிப் போக ஏலாதுபோல என்று. பத்து வருடமாய் நீ ஒரு நல்லது கெட்டதுக்கும் வராதபோதும் இந்த மண்டைக்கு அது எட்டவில்லை. கிறீன் கார்ட் கிடைத்துவிட்டது என்று நீ சொன்ன அன்று கோயிலில் பொங்கல் வைத்தவ அம்மா. றூபன், பேப்பர் இல்லை என்பது எங்கள் வீட்டில் யாருக்குப் புதிது? அகதி வழக்கு முடியும்வரை கதவு தட்டினாலே நடுங்கினவதானே அவ. உண்மையைச் சொல்லியிருந்தால் அழுதிருப்பா, பேந்து "வராதை மோனை" என்று அவவே சொல்லியிருப்பா. உன் மானத்தைக் காப்பாற்ற, அவவை ஒரு பாலத்துக்காகக் காத்திருந்து சாக விட்டாய். அந்த ஒன்றைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை.

சாம்பலை நான் திருப்பிக் கொண்டுவரவில்லை. போனை வைத்த கையோடு கீழே இறங்கி, உன் பாலத்தடியில் கரைத்துவிட்டேன். அந்த ஆறு வடக்கே ஓடி, எல்லை தாண்டி, எங்கள் ஆற்றில் சேர்கிறது என்று நீதானே சொன்னாய். அம்மா உன் வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பி வருவா. அவவிடம் யாரும் பேப்பர் கேட்கப்போவதில்லை.

நீயும் பெண்சாதி பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருங்கள். வேலைக்குப் போகும்போது அந்தப் பாலத்தில் மட்டும் காரைக் கொஞ்சம் மெதுவாய் ஓடு.

இப்படிக்கு,
அக்கா