அடித்து எழுதிய எண்

சாங்வி, புனே
9-1-2000

அன்புள்ள வனஜா அக்காவுக்கு,

இங்கே குளிர் எலும்பைத் துளைக்கிறது. என் பெண் வைஷு தமிழில் உனக்குப் பொங்கல் வாழ்த்து எழுத உட்கார்ந்து, இரண்டு எழுத்தோடு எழுந்து போய்விட்டாள்.

அத்தான் விட்டுப்போன நாலு லட்சத்தை என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். இங்கே பான் கடைக்காரன்கூட ஏதாவது ஒரு கம்பெனி பெயரைச் சொல்லி, "இதை வாங்குங்க சார்" என்கிறான். நான் அப்படிச் செய்யமாட்டேன். கல்லூரிக் கம்ப்யூட்டரில் பதினோரு பங்குகளின் பத்து வருட விலையை ஏற்றியிருக்கிறேன். எது விழும்போது எது தாங்கி நிற்கிறது என்று பார்த்து, பங்கிலும் வங்கி டெபாசிட்டிலும் பணத்தைப் பிரிக்கவேண்டும். ஒவ்வொருவர் பயத்துக்கும் ஒரு கலவை உண்டு. அந்தப் பயத்துக்கு வேறு எந்தக் கலவையிலும் அதைவிட நல்ல லாபம் கிடைக்காது. பயம் கூடினால் டெபாசிட் கூடும்.

உன்னிடம் ஒரே ஒரு எண் வேண்டும். நூறு ரூபாய் எதுவரை குறைந்தால் நீ பதறமாட்டாய்? எனக்காகச் சொல்லாதே, உனக்காகச் சொல்.

உன் தம்பி,
மணி


உறையூர், திருச்சி
17-1-2000

அன்புத் தம்பி மணிக்கு அக்காவின் ஆசிகள்.

பொங்கலுக்கு வருவாய் என்று இரண்டு கரும்பு வாங்கி வைத்தேன். காய்ந்ததுதான் மிச்சம். போகட்டும், புரொபசருக்கு ஆயிரம் வேலை இருக்கும்.

இந்த வீட்டை விற்றால் முதலில் என்னிடம்தான் கேட்பதாக வீட்டுக்காரர் பக்தவத்சலம் சொல்லியிருக்கிறார். அத்தான் கடைசியாகப் படுத்திருந்த அறை இங்கேதானே இருக்கிறது. பணம் அதற்குத்தான், எனக்கு வேறு ஆசை இல்லை.

நீ கேட்ட எண் 60. அடித்து எழுதியிருப்பதைப் பெரிதாக நினைக்காதே, பேனா சரியில்லை. நீ போடுகிற கணக்குக்கு நானே பயந்தால் நன்றாகவா இருக்கும்?

வனஜா


சாங்வி
22-4-2001

அன்புள்ள அக்காவுக்கு,

மூன்று கடிதம் போட்டும் பதில் இல்லை. கோபமா?

தாங்கி நிற்கும் என்று நான் நம்பிய பங்குகளும் மற்றவற்றோடு சேர்ந்தே விழுந்துவிட்டன. உன் நூறு இன்று அறுபத்துமூன்று. ஆனாலும் நீ சொன்ன எல்லையைத் தாண்டவில்லை, கணக்கு தப்பவில்லை. அவசரப்பட்டு விற்றுவிடாதே.

மணி


திருச்சி
14-5-2001

திரு. சுப்ரமணியன் அவர்களுக்கு,

எல்லாவற்றையும் விற்றுவிட்டேன். பக்தவத்சலம் வீட்டை விற்க முடிவு செய்து, எனக்காக இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்தார். கையில் இருந்தது போதவில்லை, வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். நேற்று காலி செய்தேன். அத்தானின் கட்டில் புது வீட்டு வாசலில் நுழையவில்லை. பழைய வீட்டுக்கே திருப்பிக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன்.

கணக்கு தப்பவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. அந்த எண்ணை ஒரு தடவை திருப்பிக் கேட்டிருக்கலாம்.

வனஜா


சாங்வி, புனே
3-1-2004

அன்புள்ள அக்காவுக்கு,

நீ வீடு மாறியபிறகு நான் எழுதும் எட்டாவது கடிதம் இது. எதுவும் திரும்பி வரவில்லை, அதனால் உன் கைக்குத்தான் வருகின்றன என்று நினைத்துக்கொள்கிறேன்.

அந்தப் பங்குகள் மறுபடி ஏறிவிட்டன. அதைச் சொல்ல எழுதவில்லை.

உன் பொங்கல் கடிதத்தில் நீ அடித்திருந்த எண் 95. இதை நான் இன்று கண்டுபிடிக்கவில்லை அக்கா. கடிதம் வந்த அன்றே ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன். 95 என்றால் ஏறக்குறைய எல்லாமே டெபாசிட். அதற்கு நான் எதற்கு, வங்கிக் குமாஸ்தா போதும். அறுபதுக்கு வந்த கலவை அவ்வளவு அழகாக இருந்தது. வகுப்பில் பலகையில் போட்டுக் காட்டினேன், பிள்ளைகள் கைதட்டினார்கள்.

நீ என் மனம் கோணக்கூடாதென்று பொய் எழுதினாய். பொய் என்று தெரிந்தேதான் நான் அதை எடுத்துக்கொண்டேன். மூன்று வருடமாக இதை எழுத உட்கார்ந்து, வேறு எதையோ எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பதில் போடவேண்டாம். யாரோடாவது பேசும்போது என் பேச்சு வந்தால் மட்டும், தம்பி என்றே சொல் அக்கா.

மணி