பேனா நின்ற இடங்கள்

ஜனவரி 3, வெள்ளி
லோகப்பிரியா துடியலூரிலிருந்து அம்மாவோடு பஸ்ஸில் வந்தாள். பிளஸ் டூ வரலாறு. பார்வை கிடையாது, தேர்வில் அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதுவார். அதற்குத்தான் வரலாற்று ஆசிரியரான என்னிடம் சொல்லி எழுதவைத்துப் பழகுகிறாள். நான் வாய் திறக்கக் கூடாது என்பது விதி. திறக்கவில்லை. தொண்ணூறுக்கு எண்பத்திரண்டு.

ஜனவரி 8, புதன்
அரையாண்டுத் தேர்வில் முப்பத்தொன்பதுதானாம். பள்ளியில் அவளுக்கு எழுதியவர் ஆல்வின், கணக்கு ஆசிரியர். சரியாக எழுதவில்லையோ? சந்தேகப்படுவது தப்பு. ஆனாலும்...

ஜனவரி 9, வியாழன்
கேட்டேன். சிரித்தாள்.
"ஆல்வின் சார் பேனா நிக்கவே இல்லீங்க சார். என்ன சொன்னாலும் சரசரன்னு ஓடிட்டே இருந்துச்சு. பயந்துபோட்டேன்."
"என் பேனா?"
"தப்புன்னா டக்குனு நின்னுக்குமுங்க. நான் மாத்திச் சொல்லிக்குவேன். உங்களுக்குத் தெரியாதுங்களா?"
தெரியாது. வாயை மூடினால் போதும் என்றிருந்தேன்.
பிள்ளை தவறும் இடத்தில் சற்று நின்று, தானே உணரட்டும் என்று காத்திருப்பதுதான் ஆசிரியர் வேலை — இப்படித்தான் நம்பி வந்தேன். அப்படியானால் நான் செய்தது சரிதானே? ஆனால் தேர்வறையில் நான் இருக்க மாட்டேனே.

ஜனவரி 13, திங்கள்
நிற்காமல் எழுதிப் பார்த்தேன். தப்பு வரும் இடத்தில் கை மெதுவாகிறது. அதுவும் அவளுக்குக் கேட்டுவிடுகிறது.

ஜனவரி 20, திங்கள்
சரியான விடைகளிலும் இடையிடையே நிறுத்தினேன். பெரிய யோசனை என்று நினைப்பு. லக்னோ ஒப்பந்தம் 1916 என்று சரியாகச் சொன்னவள் 1919 என்று மாற்றினாள். நான் வேண்டுமென்றே நிறுத்தியது தெரிந்ததும் அழுதுவிட்டாள். "உங்களையும் நம்ப முடியலீன்னா யாரைத்தானுங்க நம்பறது?"
அவள் அம்மா பொற்கொடி, கிளம்பும்போது: "ஏனுங்க சார், கண்ணு தெரியாத புள்ளைக்குக் கொஞ்சம் நின்னு எழுதுனா என்னங்க கொறஞ்சுபோகுது?"
 

ஜனவரி 27, திங்கள்
லோகப்பிரியாவே வழி சொன்னாள். "அம்மா எழுதட்டுங்க சார். அம்மாவுக்கு வரலாறு ஒண்ணுமே தெரியாது."
"ஆமா, எட்டாவதோட நின்னவதான். இளக்காரத்தைப் பாருங்க" என்றார் பொற்கொடி.
"சார், நீங்க சமையல்கட்டுல இருந்துக்கோங்க. நீங்க மூச்சு உடறதும் எனக்குக் கேக்குமுங்க."
போனேன். டீக்குப் பால் வைத்தேன். சூரத் பிளவு 1905 என்றாள். பொற்கொடி எழுதிக்கொண்டே போனார். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு கேள்விகள் தாண்டின.
"இரும்மா. அந்த சூரத்த அடிச்சுப்போடு. 1905 வங்கப் பிரிவினை. சூரத்து 1907."
பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது.
நான் சும்மா இருந்ததால் வந்ததா இது? இத்தனை நாள் நின்று நின்று எழுதியதால் வந்ததா?

பிப்ரவரி 12, புதன்
இன்று திருப்புதல் தேர்வு. மாலையில் போன் செய்தாள். எழுதியவர் மறுபடியும் ஆல்வின்.
"நாலு எடத்துல அடிச்சு மாத்தச் சொன்னேனுங்க சார். மனுசன் சலிச்சே போயிட்டாரு."
அடித்த நாலும் தப்பான விடைகள்தானா என்ற கேள்வி நாக்கு நுனி வரை வந்தது.
"சரி கண்ணு, போய்ச் சாப்பிடு" என்றேன்.