பெஞ்சில் பக்கத்து இடம்

அன்புள்ள அண்ணே,

காலையில் வாசல் பனியைத் தள்ளிவிட்டு வந்து, நனைந்த கம்பளிக் கையுறையை ஹீட்டர் மேல் போட்டுவிட்டுக் காப்பி கலக்கப் போனேன். திரும்பி வருவதற்குள் வீடு முழுக்க அந்த வாடை. ஈரக் கம்பளி சூட்டில் காய்கிற வாடை. அஜக்ஸில் இருக்கிற என் வீட்டுக் கூடம் ஒரு நொடியில் நாம் வேலை பார்த்த டொரொண்டோ பள்ளிக்கூடத்து நடையாகிவிட்டது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் போய் இது இரண்டாவது பனிக்காலம்.

அந்த நடையில் ஹீட்டரை ஒட்டி நீளமாக ஒரு பெஞ்சு கிடக்கும், ஆபீசில் என் டைப்ரைட்டருக்கு நேர் எதிரே. வகுப்பில் தப்புச் செய்த பிள்ளையின் கையில் ஆசிரியர் ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்துத் தனியாக அனுப்புவார். துணை அதிபர், அதாவது துணைத் தலைமையாசிரியர், கூப்பிடும்வரை பிள்ளை அங்கே காத்திருக்கும். எழுபதுகளின் தொடக்கம் அது. ஜமைக்கா, டிரினிடாட், கயானா என்று வந்திறங்கிய குடும்பங்களின் பிள்ளைகள்தான் பெரும்பாலும் அங்கே உட்கார்ந்திருக்கும். வெள்ளைக்காரப் பையன் பனி உருண்டை எறிந்தால் விளையாட்டு. கறுப்புப் பையன் எறிந்தால் தாக்குதல். அவனை மட்டும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். யாரிடமாவது போய்ச் சொல்லலாம் என்று தோன்றும். மதுரையிலிருந்து வந்த புது டைப்பிஸ்ட் பேச்சை யார் கேட்பார்கள்?

அப்போதுதான் சாவகச்சேரிக்காரரான நீங்கள் துணை அதிபராக வந்தீர்கள். அந்தக் கட்டடத்திலேயே தமிழ் பேச எனக்குக் கிடைத்த ஒரே ஆள். நான் சார் என்றதும் கையை ஆட்டினீர்கள்.

"சேர் கீர் எண்டு கூப்பிடாதேங்கோ தங்கச்சி. அண்ணை எண்டு சொல்லுங்கோ."

என் வாயில் அது அண்ணே என்றுதான் வந்தது.

ஒரு மாதம் பேசாமல் பார்த்தீர்கள். பிறகு ஒரு மதியம் என் மேசையருகே வந்து நின்றீர்கள். "உந்த வாங்கிலை இருக்கிற பிள்ளையளின்ரை முகங்களைப் பாத்தனீங்களோ?" பெஞ்சு உங்களுக்கு வாங்கு.

"தினம் அதைப் பார்த்துக்கிட்டுத்தானே டைப் அடிக்கிறேன். நிறம் பார்த்து அனுப்புறாங்கண்ணே."

"அப்பிடிச் சொன்னால் சண்டைக்கு வருவினம். நிறம் பாக்கிறமெண்டு அவையளுக்கே தெரியாது. துண்டை எழுதி நீட்டுறது சுகமாக் கிடக்கு, அதுதான்."

மறுவாரமே சட்டம் போட்டீர்கள். பிள்ளையை அனுப்புகிற ஆசிரியர் தானும் கூட நடந்து வரவேண்டும். பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து, என்ன நடந்தது என்று பிள்ளை கேட்கவே சொல்லவேண்டும். அதே தப்பைச் செய்த வேறு பிள்ளை இருந்தால் அதுவும் வரவேண்டும். அவ்வளவுதான். அதற்குப் போய் ஆசிரியர்கள் என்ன ஆட்டம் ஆடினார்கள், அப்பப்பா! ஆனால் பெஞ்சு காலியாகத் தொடங்கியது. பாதி வழக்குகள் நடந்து வருகிற வழியிலேயே தீர்ந்துபோயின.

நெட்டையான அந்தப் பூகோள வாத்தியார்தான் அதிகம் குதித்தார். தன் ஆட்களைக் காப்பாற்ற வந்திருக்கிறான் என்று உங்கள் காதுபடவே சொன்னார். நீங்கள் என்னிடம் வந்து சிரித்தீர்கள். "என்ரை ஆக்களாம்! சாவகச்சேரி எங்கை, ஜமைக்கா எங்கை!" சிரித்து ஓய்ந்த பிறகு உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை.

ஆசிரியர் அறையில் நீங்கள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். அதனால் பிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்துவிடுவீர்கள். அண்ணியும் பிள்ளைகளும் அப்போது ஊரில். "வீட்டை போனாலும் கதைக்க ஆளில்லை, இஞ்சையும் ஆளில்லை. நீங்கள் டைப் அடிக்கிற சத்தம்தான் துணை" என்றீர்கள் ஒரு நாள். நான் என் எலுமிச்சைச் சோற்றில் பாதியை உங்கள் பெட்டி மூடியில் எடுத்து வைத்தேன்.

சட்டத்தை எடு, இல்லையென்றால் பதவியை விடு என்று அதிபர் சொன்ன அன்று நானே உங்களைக் கெஞ்சினேன்.

"விட்டுடுங்கண்ணே. ஊர் வம்பு நமக்கெதுக்கு?"

"விடலாம் தங்கச்சி. பிறகு அந்தப் பிள்ளையள் தனியத்தானே வரவேணும்."

கிறிஸ்துமஸ் விடுமுறை முடிந்ததும் உங்களை வெறும் ஆசிரியராக நகரத்தின் மறுகோடிப் பள்ளி ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். வழியனுப்ப ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. பஸ் நிறுத்தம்வரை நான் மட்டும் வந்தேன். புதுத் துணை அதிபர் வந்த அன்றே உங்கள் சட்டம் போயிற்று. துண்டுச் சீட்டும் கையுமாகப் பிள்ளைகள் மறுபடி தனியாக வந்தார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் டைப்ரைட்டரை உடைக்காமல் விட்டது பெரிய காரியம்.

பிப்ரவரியில் ஒரு நாள். நடையின் கோடியில் பூகோள வாத்தியார் வருகிறார், கூடவே ஒரு டிரினிடாட் பையன். இருவரும் ஏதோ வாதாடிக்கொண்டே வந்தார்கள். என் கதவருகே வந்ததும் அவர் நின்றார். கூட வரவேண்டிய அவசியமே இப்போது இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும். உங்கள் பழைய அறையைப் பார்த்தார், பையனைப் பார்த்தார். பிறகு நெடுங்காலை மடக்கிக்கொண்டு பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். பையன் ஈரக் கையுறையைக் கழற்றி ஹீட்டர் மேல் வைத்தான். கொஞ்ச நேரம் பேசினார்கள். பிறகு யாரையும் பார்க்காமலே எழுந்து வகுப்புக்குத் திரும்பிப் போய்விட்டார்கள்.

சாயங்காலம் உங்களுக்குப் போன் போட்டு மூச்சுவிடாமல் சொன்னேன்.

"பக்கத்திலை இருந்தவரோ?"

"ஓம் அண்ணே, இருந்தார்."

"அப்ப சரி."

உங்கள் குரல் உடைந்ததை நான் கவனிக்காத மாதிரி இருந்துவிட்டேன்.

இன்றைக்கும் ஆஸ்பத்திரியிலோ ரயில் நிலையத்திலோ யாராவது தனியாக ஒரு பெஞ்சில் தலை குனிந்து இருந்தால் என்னால் சும்மா போக முடிவதில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார்ந்துவிடுகிறேன். மகள் திட்டுவாள், முன்பின் தெரியாதவர்களிடம் என்னம்மா பேச்சு என்று. அவளும் இப்போது மிசிசாகாவுக்குக் குடிபோய்விட்டாள்.

கையுறை காய்ந்துவிட்டது. எடுக்கவேண்டும், எழ மனசில்லை. இந்த சோபாவிலும் பக்கத்தில் இடம் கிடக்கிறது, அண்ணே. வந்து உட்கார நீங்கள்தான் இல்லை.