துவாய்க்குள் உன் முகம்

இன்று காலை எங்கள் வெள்ளவத்தை ஃபிளாட்ஸ் வட்ஸ்அப் குரூப்பில் உன் படம் வந்தது. தலையில் அந்தச் சிவப்புத் துவாய், முன்னால் ஆவி பிடிக்கிற சட்டி, வாயைத் திறந்தபடி நீ. கீழே யாரோ புதிதாக எழுதியிருந்தார்கள்: "திங்கட்கிழமை லீவு கேட்கிற முகம்." மூன்றாம் மாடி அன்ரி நாலு சிரிப்பு முகம் போட்டிருந்தா. நீ யாரென்று அவவுக்குத் தெரியாது.

கொரோனா ஊரடங்கில் நீ கொட்டாஞ்சேனையில் அடைபட்டுக் கிடந்தாய், நான் இங்கே. பொழுது போகாமல்தான் மீம் செய்யத் தொடங்கினோம். பருப்புக்கு நின்ற வரிசை, கொத்தமல்லி அவித்தே கொரோனாவைத் துரத்தப் பார்த்த மாமிமார், ஒன்றையும் விடவில்லை. நீ படமும் வரியும் அனுப்புவாய். நான் வரியைச் சுருக்கிக் குரூப்புகளுக்குத் தட்டிவிடுவேன். "பேரைப் போடாதை மச்சான். போட்டா எங்கட, போடாட்டி எல்லாற்றையும்" என்பாய். காலையில் நாம் விட்ட பகிடி ஒன்று பின்னேரம் கனடாவிலிருந்து பெரியம்மா வழியாக எனக்கே வந்து சேர்ந்தது. அன்றைக்குப் போனில் அரை மணித்தியாலம் சிரித்தோம்.

பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தது. அதையும் விடாமல் மூன்று நாளில் இரண்டு மீம் செய்தாய். நாலாம் நாள் மத்தியானம் இந்தப் படம் வந்தது. "மூச்சு எடுக்க ஏலாமக் கிடக்கு மச்சான்" என்று கீழே எழுதியிருந்தாய். அதையும் நான் மீமுக்கான வரி என்றே நினைத்தேன். "நீளம் கூடிப்போச்சு, மாத்துறன்" என்று பதில் போட்டேன். "அம்மா பிடிப்பிச்ச ஆவியில கொரோனாவே சரண்" என்று மாற்றி, எல்லாக் குரூப்புக்கும் அனுப்பிவிட்டுச் சாப்பிடப் போனேன்.

பின்னேரம் உன் தங்கச்சி அழுதுகொண்டு கோல் எடுத்தாள். உன்னை அம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். உன் போனும் உன்னோடு போனது, இரண்டும் திரும்பி வரவில்லை. மூடிய பெட்டியோடு எரித்தார்கள். ஊரடங்கில் எனக்கு வர வழியில்லை.

நாம் செய்தவற்றில் ஆகத் தூரம் போனது அந்தப் படம்தான். செத்த வீடு முடிந்த கிழமையே தங்கச்சிக்கும் போய்ச் சேர்ந்தது. "அண்ணான்ர படத்தை ஆர் இப்பிடி விட்டது?" என்று கேட்டாள். "தெரியாதம்மா, எனக்கும் ஃபோர்வர்டாத்தான் வந்தது" என்றேன். பெயர் போடாதே என்று நீ சொன்னது எனக்கு ஒளிந்துகொள்ள உதவியது. இத்தனை வருடமாகியும் அவளிடம் உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு வெட்கமாக இருக்கிறது.

இப்போதெல்லாம் யாராவது சுகமில்லை என்று பகிடியாக அனுப்பினாலும் உடனே கோல் எடுத்து, "மெய்யாவே ஏலாமலிருக்கா?" என்று கேட்கிறேன். அவர்கள் சிரிக்கிறார்கள், நான் விடுவதில்லை. உன்னிடம்தானடா கேட்கவில்லை.