இடது பக்கத்துப் பந்து

1932 ஜூன் 14

மழை. ஆனாலும் பயிற்சி உண்டு.

பேருக்கு நான் எஸ்டேட்டில் கங்காணி. ரப்பர் மரத்தில் ஒரு நாளும் கத்தி வைத்ததில்லை. மழைக்காலத்தில் கால்பந்து, வெயிலில் ஓட்டப் பந்தயம், கார்னிவல் வந்தால் குத்துச்சண்டை. துரை சம்பளம் கொடுப்பது இவற்றுக்குத்தான்.

இன்று இடது பக்கத்திலிருந்து வந்த பந்து காதில் மோதிய பிறகே தெரிந்தது. யாரும் கவனிக்கவில்லை.

ஜூன் 30

வலது கண்ணைப் பொத்திக்கொண்டு அடுப்பங்கரையைப் பார்த்தேன். என் மனைவி செல்லபாயின் குரல் கேட்டது. அவளைக் காணவில்லை. போன கார்னிவலில் வாங்கிய குத்து — அதுதான்.

ஆகஸ்ட் 9

நெய்யூர் ஆஸ்பத்திரி. டாக்டர் விளக்கு வைத்து வெகுநேரம் பார்த்தார். உள்ளே கிழிந்துவிட்டதாம். திரும்ப வராது. "இனி முகத்துல அடி வாங்காண்டாம். மத்த கண்ணாவது மிஞ்சட்டு" என்றார்.

பஸ்ஸில் செல்லபாய் ஒரே ஒரு தடவைதான் பேசினாள். "மதி. இனி விளையாட்டு மதி."

போதுமாம். பிறகு எதைத் தின்பது?

செப்டம்பர் 3

குழித்துறையில் ஆட்டம். இரண்டு கோல் வாங்கினோம், இரண்டும் என் இடது பக்கமாக. சனம் கூவியது. துரை கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு என்னவோ சொன்னார்.

செப்டம்பர் 5

வேலை போயிற்று. எஸ்டேட் வீடும் போயிற்று. ரப்பர் விலை விழுந்து பால்வெட்டுகிறவர்களே சும்மா இருக்கிறார்கள். ஓடவும் உதைக்கவும் குத்தவும் தெரிந்தவனுக்கு யார் வேலை தருவார்?

1933 ஜனவரி 20

நாங்கள் ஒண்டியிருக்கும் வீட்டைத் தேடிக் கணக்கப்பிள்ளை வந்தார். என்னைத் தேடி அல்ல. செல்லபாயின் தம்பி செல்வதாஸை என் இடத்தில் எடுக்கிறார்களாம், கார்னிவல் சண்டையும் சேர்த்து. அவனைப் பழக்கினால் எனக்கும் சம்பளம் உண்டு.

அவர் போனதும் செல்லபாய் அழுதாள். "எனக்க தம்பியை அதுல எறக்காண்டாம். உங்களுக்க கண்ணு போனது போதாதா?"

செல்வதாஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டர் சொன்னதையும். பால்வெட்டு நின்றதிலிருந்து மரச்சீனிக் கிழங்கு மட்டும் தின்று கிடக்கிறவன். சிரித்தான்.

"அத்தான், நீங்க இத்தன வருசம் சோறு தின்னீங்கல்லா? நானும் கொஞ்ச நாளு திங்கட்டு."



ஜனவரி 23

கணக்கப்பிள்ளைக்குச் சரி என்று சொல்லி அனுப்பினேன்.

ஏப்ரல் 17

நாகர்கோவில் கார்னிவல். செல்வதாஸுக்குக் கையுறையை நான்தான் கட்டிவிட்டேன். "முகத்தை மூடுலே, மூடு!" என்று தொண்டை கட்டும்வரை கத்தினேன். மூடவில்லை. ஆனாலும் ஜெயித்துவிட்டான். தோளில் தூக்கிக்கொண்டு ஆடினார்கள். வீங்கிய முகத்தோடு என்னைத் தேடிச் சிரித்தான்.

வீட்டில் கோழிக்கறி. செல்லபாய் தொடவில்லை.

ஜூன் 4, ஞாயிறு

ஆராதனைக்குப் போனோம். செல்வதாஸ் என் பக்கத்தில் நின்றான். பாட்டுப் புத்தகத்தை விரித்தவன், தலையைத் திருப்பி அதை வலது கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோய்ப் பாடினான். பெண்கள் பக்கத்திலிருந்து செல்லபாய் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

நான் குனிந்துகொண்டு சத்தமாகப் பாடினேன்.