கீழே படுத்திருப்பவள்

என் குடத்தையும் சேர்த்துச் சுமந்த அக்காவுக்கு,

நீ கண்ணை மூடி ஒரு வருஷம் ஆகப்போகிறது. நல்ல சேதியோடு எழுத நினைத்திருந்தேன். நம் ஊற்று உப்பாகிவிட்டது.

மணல்மேட்டுக்குப் பின்னால் குந்தியிருந்து தேங்காய்ச் சிரட்டையால் மொண்டோமே, அதே ஊற்றுதான். ஒரு குடம் நிறைய அரை மணி நேரம் ஆகும். அந்தக் காத்திருப்பையெல்லாம் நீ ஏற்றுக்கொண்டதால்தான் நான் காலேஜுக்குப் போனேன். தலைமையாசிரியையாக ஊருக்குத் திரும்பியதும் அதற்கு ஒரு முடிவு கட்ட நினைத்தேன். அது தப்பா?

"முழங்கை நனையத் தோண்டாத. கீழ ஒருத்தி படுத்திருக்கா, எழுப்பிவிட்றாத" என்பாய். யார் அவள் என்று கேட்டால் சிரிப்பாய். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் பேயையும் நம்புகிறாயே என்று உன்னைத் திட்டியிருக்கிறேன்.

சித்திரையில் ஆள் விட்டு இரண்டு ஆள் ஆழம் தோண்டி, சிமெண்டு உறை இறக்கினேன். தண்ணீர் குபுகுபுவென்று ஏறியது. எட்டு நாள் தெருவே வாளி போட்டு இறைத்தது. ஒன்பதாம் நாள் எதிர்வீட்டு செபஸ்தியம்மா ஒரு செம்பை நீட்டினாள்.

"குடிச்சுப் பாருங்க டீச்சர். இனிமே கஞ்சிக்கு உப்புப் போட வேண்டியதில்ல."

பின்னால் நின்ற பெண்கள் யாரும் சிரிக்கவில்லை.

நல்ல தண்ணீர் கடல்தண்ணீரின் மேலே பாலாடை மாதிரி மிதந்துகொண்டிருந்திருக்கிறது, அக்கா. படுத்திருந்தவள் கடல். உப்புத்தண்ணீர் கனம் என்று வகுப்பில் முட்டையை மிதக்கவிட்டுக் காட்டுகிறவள் நான். கடல் என்று நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா? நினைக்க நினைக்க எரிச்சலாக வருகிறது.

இப்போது தண்ணீருக்குத் திருப்புல்லாணிப் பாதையில் இரண்டு மைல் நடக்கிறார்கள். ஐந்து பெண்பிள்ளைகள் காலை வகுப்புக்கு வருவதில்லை. ஏன் வரவில்லை என்று எந்த வாயால் கேட்பேன்?

நாளை உறையை எடுத்துவிட்டுக் குழியை மணலால் மூடுகிறோம். ஐப்பசி மழையில் நல்ல தண்ணீர் திரும்பலாம் என்கிறாள் செபஸ்தியம்மா. திரும்பாமலும் போகலாம் என்கிறாள்.

அதுவரை அந்த ஐந்து பேருடைய குடங்களில் தினம் ஒன்று என் இடுப்பில் இருக்கும். அவர்கள் வந்து சேர்ந்த பிறகுதான் பள்ளி மணி அடிக்கும். ஊற்று திரும்பினால், முழங்கை நனையாமல் மொள்ளுவேன்.

குடத்தை உன்னிடம் விட்டுவிட்டுப் படிக்கப் போன,
உன் தங்கை லூர்து